இடது கைக்கு அடித்த அரிவாள்

என் வீட்டுக்காரருக்கு இடது கைப் பழக்கம். சோறு தின்பதும் திருநீறு பூசுவதும் தவிர மற்ற எல்லா வேலைக்கும் இடது கைதான் முன்னால் வரும். கல்யாணமாகி கரிவலம்வந்தநல்லூருக்கு வந்த புதிதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவர் வலது முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் நீளத் தழும்பு இருந்தது. என்னவென்று கேட்டேன். கடையில் வாங்கிய அரிவாளால் வேலி வெட்டும்போது அரிவாள் வழுக்கி இறங்கியது என்றார்.

"கடை அருவா எல்லாம் வலது கைக்காரனுக்குன்னு ஒரு பக்கமாத் தீட்டி வாரது. நான் ஓங்கினா வெட்டுத மரத்தை விட்டு விலகி என் காலைத் தேடி வரும்" என்றார்.

எங்களுக்கு ஊருக்கு மேற்கே முக்கால் ஏக்கர் வாழையும், அதை ஒட்டிக் கொஞ்சம் கத்தரியும் இருந்தது. கிணறு பொதுக்கிணறு. எங்களோடு அவருடைய பங்காளி ஒருவருக்கும் அதில் பாத்தியம். ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து, மாடு பூட்டிக் கமலை இறைப்போம். வாழை இலையை அறுத்துக் கட்டி, முதல் பஸ்ஸில் சங்கரன்கோவிலுக்குக் கொண்டுபோய் ஓட்டல்களுக்குப் போடுவது அவர் வேலை. அரிவாள் இல்லாமல் ஒரு நாளும் அவருக்கு விடியாது.

சங்கரன்கோவிலில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் ஒரு ஆசாரி பட்டறை போட்டிருந்தார். சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். பட்டாளத்து லாரிகளின் வில்பட்டைகள் பழைய இரும்பாக வந்து குவிந்த சமயம். அந்தப் பட்டையில்தான் அவர் அரிவாள் அடிப்பார். ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். ஆசாரி என் வீட்டுக்காரரிடம் ஒரு வாழைத்தண்டைக் கொடுத்து வெட்டச் சொன்னார். அப்புறம் ஒரு கருவேலங்கொம்பைக் கொடுத்தார். ஓங்கும்போது தோள் எப்படித் திரும்புகிறது, வெட்டி முடித்தபின் கை எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு கம்பில் ஈரக் களிமண்ணை அப்பி, "இதை அருவான்னு நினைச்சு இறுக்கிப் பிடியும்வே" என்றார். விரல் பதிந்த அந்தக் களிமண்ணை நிழலில் வைத்து உலர்த்தினார். அதைப் பார்த்துத்தான் வைரம் பாய்ந்த கருவேலங்கட்டையில் பிடி செதுக்கினார்.

இருபது நாள் கழித்து அரிவாள் வந்தது. பார்க்க லட்சணமாகவே இல்லை. கறுப்பாக, சம்மட்டித் தடம் தெரிய, மூக்கு லேசாக ஒரு பக்கம் சாய்ந்து இருந்தது. பிடியில் ஒரு புடைப்பு. எனக்கு அது பிடிக்கவில்லை. நான் எடுத்து ஒரு தேங்காய் வெட்டப் பார்த்தேன். புடைப்பு பெருவிரலின் அடியில் குத்தியது. அரிவாள் தேங்காயின் மேல் சறுக்கித் தரையில் விழுந்தது. அவர் சிரித்தார். "உனக்கு அடிச்சதில்லட்டி அது" என்றார்.

அவர் கையில் அது வேறு மாதிரி இருந்தது. சும்மா வீசினால் போதும், வாழை மட்டை சத்தமில்லாமல் விழும். சாயங்காலம் அவருக்குத் தோள் வலிக்கவில்லை. முன்பெல்லாம் வாரத்தில் இரண்டு நாள் நான் எண்ணெய் தடவி உருவிவிட வேண்டும். அந்த வேலை அதோடு நின்றது. ஒரு கருவி ஒரு ஆளை இப்படிக்கூட நிம்மதியாக வைக்குமா என்று நினைத்துக்கொள்வேன்.

என் தம்பி இதைக் கேலி செய்வான். எனக்கு ஐந்து வயது இளையவன். அதே ஊரில் இரண்டு தெரு தள்ளி எங்கள் அம்மாவோடு இருந்தான். எங்கள் தோட்டத்து வேலையில் பாதி அவன் செய்ததுதான். பஜாரில் அப்போது கம்பெனி அரிவாள் வர ஆரம்பித்திருந்தது. எண்ணெய்த்தாளில் சுற்றி, பளபளவென்று, பிடிக்கு வார்னிஷ் அடித்து, அடியில் நம்பர் குத்தி வரும். பத்தை வரிசையாக வைத்தால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. தம்பி அதில் ஒன்று வாங்கி வைத்திருந்தான்.

"அத்தான், கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குத மாதிரி அருவாளுக்கு இருபது நாள் காத்துக் கிடந்தீயளே. நான் கடைக்குள்ள போய் வெளிய வாரதுக்குள்ள வாங்கிட்டேன். உடைஞ்சா இன்னொண்ணு. அதுவும் இதே மாதிரிதான் இருக்கும்."

"நீ சொல்லுததும் சரிதான் மாப்ள" என்பார் இவர்.

உண்மையைச் சொன்னால், நானும் தம்பி கட்சிதான். அடுப்படிக்கு ஒரு கம்பெனிக் கத்தி வாங்கி வைத்திருந்தேன். யார் கைக்கும் இடைஞ்சல் செய்யாத பொருள் நல்ல பொருள் என்று எனக்குத் தோன்றியது.

அது மாசி மாதம். கிணற்றில் தண்ணீர் இடுப்பளவுக்குக் குறைந்திருந்தது. முறைத் தண்ணீர் விஷயமாகப் பங்காளியோடு இரண்டு தடவை வாய்ச்சண்டை வந்துவிட்டது. ஒரு தடவை என் வீட்டுக்காரர் ஊர் மடத்தில் பத்துப் பேர் முன்னால், "இன்னொரு வாட்டி மடையைத் திருப்பினா கையை எடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் எல்லோரும் சொல்வதுதான்.

அன்று அவர் விடியற்காலையில் இலைக்கட்டோடு சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டார். அன்றைக்கு எங்கள் முறை. தம்பி இறைக்க வந்தான். முதலில் வேலிக்கு முள் வெட்டப் போனவன், கொஞ்ச நேரத்தில் கம்பெனி அரிவாளோடு வாசலில் வந்து நின்றான். பிடி கழன்று தனியாக ஆடியது.

"எக்கா, அத்தான் அருவா இருந்தா குடு. முள்ளை மட்டும் வெட்டிட்டுத் தந்துருதேன்."

அந்த அரிவாளை அவர் யாருக்கும் கொடுக்கமாட்டார். எனக்குத் தெரியும். ஆனால் இலைக்கட்டோடு பஸ் ஏறும் நாட்களில் வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார். நான் கூரை இறவாணத்தில் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். "பிடி குத்தும், பாத்துக்கோ" என்று சொன்னதும் நினைவிருக்கிறது.

உச்சிவெயிலில் தம்பி திரும்பி வந்தான். வேட்டி நனைந்திருந்தது. வலது கையில் துண்டைச் சுற்றியிருந்தான். முள் கிழித்துவிட்டது என்றான். துண்டை அவிழ்த்துப் பார்த்தேன். பெருவிரலின் அடியில் சதை பிய்ந்திருந்தது. கழுவி மஞ்சள் வைத்துக் கட்டினேன். அருவா எங்கே என்று கேட்டேன்.

"கிணத்துல விழுந்துட்டு. நாளைக்கு இறங்கி எடுத்துத் தாரேன். அத்தான்கிட்ட சொல்லாத."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கஞ்சி கொடுத்தேன், வேண்டாம் என்று போய்விட்டான். ஒரு மணி நேரத்துக்குள் தெருவில் அழுகைச் சத்தம் கேட்டது. பங்காளி வாய்க்கால் ஓரத்தில் கழுத்திலும் தோளிலும் வெட்டுப்பட்டுச் செத்துக் கிடக்கிறார் என்றார்கள். மடை எங்கள் பக்கத்திலிருந்து அவர் பக்கம் திரும்பியிருந்ததாம். எனக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என் வீட்டுக்காரர் பொழுது சாயும் முன் வந்து சேர்ந்தார். பஸ் தவறிவிட்டது, நடந்தே வந்தேன் என்றார். வழியில் தெரிந்த ஆள் ஒருவரையும் பார்க்கவில்லையாம். வந்ததும் சாவு வீட்டுக்குப் போனார். அங்கே செத்தவரின் மனைவி இவர் மேல் மண்ணை அள்ளித் தூற்றி, "நீதானடா சொன்னே, கையை எடுப்பேன்னு" என்று கத்தியிருக்கிறாள். வந்து முகம் கழுவினார். இறவாணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் போலீஸ் ஆட்களை இறக்கிக் கிணற்றுச் சேற்றிலிருந்து அரிவாளை எடுத்தது. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போயிருக்கிறார்கள். கம்பெனி அரிவாளாக இருந்திருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? எத்தனையோ ஊரில் எத்தனையோ வீட்டில் அதே மாதிரி இருக்கிறதே. இதற்கு அந்தக் கவலை இல்லை. ஆசாரி துணியை முழுசாகப் பிரிக்கும் முன்னாலேயே, "இது நான் அடிச்சது. கரிவலத்து இடது கைக்காரருக்கு" என்று சொல்லிவிட்டாராம். எதற்குக் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று இங்கே எழுத வேண்டாம். போகும்போது ஏட்டு, "அருவா எப்படிவே கிணத்துக்குப் போச்சு?" என்று கேட்டார். "தொலைஞ்சு போச்சு. எப்பன்னு தெரியாது" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லும்போது அவர் வாசல் நிலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிலைக்கு உள்ளே நின்றிருந்தேன்.

அன்று மத்தியானம் அம்மா வந்தாள். கதவைச் சாத்திவிட்டு என் காலில் விழுந்தாள். பெற்றவள் என் காலில் விழுந்ததைப் பார்த்து நான் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டேன்.

"மக்கா, உன் புருஷன் ஒண்ணும் செய்யல. செய்யாதவனை விட்டுத்தான் ஆகணும். பத்து நாள்ல வந்துருவாரு. இவன் போனா வரமாட்டான்ட்டி. தூக்குலதான் போடுவான். வாயைத் தொறக்காத."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. செய்யாதவரை விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன். தம்பி வீட்டை விட்டு வெளியே வரவில்லை. காய்ச்சல் என்று அம்மா ஊரில் சொல்லி வைத்தாள். நான் தினமும் சோறு கட்டிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் போய் நிற்பேன். சோற்றை வாங்கிக்கொள்வார்கள். பார்க்க விடமாட்டார்கள். நாலாவது நாள் திரும்பி வந்த பாத்திரத்தில் சோறு பிசையாமல் அப்படியே இருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிந்தியிருந்தது. இரண்டு கையும் கட்டியிருக்க, குனிந்து வாயால் தின்னப் பார்த்த மாதிரி. அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அன்றைக்கும் பேசாமல்தான் இருந்தேன். இதை இத்தனை வருஷமும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

எட்டாம் நாள் ஆசாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். சங்கரன்கோவிலிலிருந்து நடந்தே வந்திருந்தார். கால் முழுக்கப் புழுதி. தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தாயி, தெரியாம சொல்லிட்டேன். ஆனா பொய் சொல்லல. நான் அடிச்சதை நான் அடிக்கலைன்னு சொல்ல எனக்கு வராது."

செம்பை வாங்கக் கை நீட்டினேன்.

"ஒரு விஷயம் கேக்கணும். வெட்டு எப்படி விழுந்திருக்குன்னு ஊருக்குள்ள சொல்லுதாங்க. நாலு வெட்டுல மூணு சறுக்கியிருக்காம். அந்த அருவாளுக்கு அவர் கையில சறுக்கத் தெரியாது. வேற எவனோ வலது கைக்காரன் பிடிச்சிருக்கான். அந்தப் பிடியை வலது கையில இறுக்கி ஓங்கினா, புடைப்பு பெருவிரல் அடியில ஏறிக் கிழிச்சிரும். அப்படிக் கை கிழிஞ்ச ஆளு யாராச்சும் இந்த ஊர்ல உண்டா?"

தம்பியின் காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டிய என் விரல்களை நான் சேலைக்குள் மறைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்தார்.

"நான் போய் ஏட்டையாகிட்ட இதைச் சொல்லத்தான் போறேன். அதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நானே போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை. தம்பியிடம் மட்டும் போய், ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னேன். "ஏலே, நான் போறேன். ஓடணும்னா இப்பவே ஓடு." அவன் பாயில் உட்கார்ந்திருந்தான். கை வீங்கிச் சீழ் வைத்திருந்தது. "எங்கன ஓட? நீ போ" என்றான்.

ஸ்டேஷனில் ரைட்டர் நான் சொன்னதை எழுதிக்கொண்டார். நான் ஐந்தாவது வரை படித்தவள். கையெழுத்துப் போடும் முன் வாசித்துப் பார்க்கிறேன் என்றேன். அவருக்கு ஆச்சரியம். அதில், 'என் தம்பி எனக்குத் தெரியாமல் அரிவாளை எடுத்துக்கொண்டு போனான்' என்று இருந்தது. எனக்கு நல்லது செய்கிறதாக நினைத்து எழுதியிருக்க வேண்டும்.

"இது தப்பு. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்" என்றேன்.

"அதனால உனக்கு என்னம்மா ஆகப்போவுது? இப்படியே இருக்கட்டும்."

"மாத்தி எழுதுங்க ஐயா."

அவர் அடித்துவிட்டு மாற்றி எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலத்துக்குள் தம்பியைக் கூட்டி வந்தார்கள். அவன் எதையும் மறைக்கவில்லை. பங்காளி மடையைத் திருப்பியதைத் தட்டிக் கேட்டிருக்கிறான். அவர் மண்வெட்டியை ஓங்கியிருக்கிறார். கையில் அரிவாள் இருந்திருக்கிறது. அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரரை இரண்டு நாள் கழித்து விட்டார்கள். ஸ்டேஷனில் வாங்கிய அடியில் இடது மணிக்கட்டு ஒடிந்து வீங்கியிருந்தது. கட்டுப்போடும் வைத்தியர் பார்த்துவிட்டு, நாள் கடந்துவிட்டது, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது என்றார். பஸ்ஸில் ஏறும்போது நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். கரிவலம் நெருங்கும்போது கேட்டேன்.

"நான் குடுத்திருப்பேன்னு உங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"உன் தம்பில்லா. நீயாச் சொல்லணும்னு இருந்தேன்."

ஒன்பது நாள் அவர் அங்கே காத்திருந்திருக்கிறார். நான் வீட்டில் சோறு பொங்கிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கேஸ் திருநெல்வேலியில் நடந்தது. ஆசாரி சாட்சிக்கூண்டில் ஏறினார். ஆயிரம் அரிவாளில் இது உம்முடையது என்று எப்படிச் சொல்கிறீர் என்று வக்கீல் கேட்டார். "இடது கைக்குன்னு என் ஆயுசுல ஒண்ணே ஒண்ணுதான் அடிச்சேன் ஐயா" என்றார் அவர். முன்கூட்டித் திட்டமிடாத சண்டை என்பதால் தம்பிக்கு ஏழு வருஷம் கிடைத்தது. அம்மா கோர்ட்டு வாசலிலேயே என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செத்துப்போனவரின் மனைவி மட்டும் நேராக என்னிடம் வந்தாள்.

"நீ முதல்நாளே சொல்லியிருந்தா, செய்யாத ஆளு மேல நான் மண்ணை அள்ளிப் போட்டிருக்க மாட்டேன். அந்தப் பாவத்தையும் என் தலையில வச்சிட்டே" என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை.

அதன்பின் ஊரில் ஒரு மாற்றம் வந்தது. ஆசாரியிடம் அளவு கொடுத்து அரிவாள் வாங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கம்பெனி அரிவாளுக்கு மாறினார்கள். "ஆசாரி அருவா சாட்சி சொல்லும்வே. கம்பெனி அருவாளுக்கு வாய் கிடையாது" என்று ஒருவர் டீக்கடையில் என் வீட்டுக்காரர் காதுபடவே சொன்னாராம். யாரையும் வெட்டும் நினைப்பு இல்லாதவர்கள்கூட அப்படித்தான் நினைத்தார்கள். தன் கை அடையாளம் ஒரு இரும்பில் ஏறி ஊரெல்லாம் போகுமே என்ற பயம் எல்லோருக்கும் வந்துவிட்டது.

ஒரு நாள் ஆசாரி தோட்டத்துக்கே வந்தார். என் வீட்டுக்காரர் அப்போது வலது கையால் இலை அறுக்கப் பழகிக்கொண்டிருந்தார். கையில் பஜார் அரிவாள். ஒரு இலை அறுப்பதற்குள் இரண்டு இலை கிழிந்தது.

"வலது கைக்கு ஒண்ணு அடிச்சுத் தாரேன்வே. எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்" என்றார் ஆசாரி.

இவர் அரிவாளை வாழையில் கொத்தி வைத்துவிட்டு வலது கையை விரித்துப் பார்த்தார்.

"எதை அளவெடுப்பீரு ஆசாரியாரே? இந்தக் கைக்கு இன்னும் ஒரு பழக்கமும் வரல. பழக்கமில்லாத கைக்கு இது போதும்."

இருவரும் வரப்பில் உட்கார்ந்தார்கள். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமும் இருந்தது, நன்றியும் இருந்தது. எது அதிகம் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அம்மா மூன்றாம் வருஷம் செத்துப்போனாள். சாகும்வரை என்னோடு பேசவில்லை. தம்பியை விடுதலை செய்த அன்று நான் பாளையங்கோட்டைக்குப் போகவில்லை. போகத் தைரியமில்லை. ஒரு வாரம் கழித்து அவனே வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. முப்பது வயது ஆகவில்லை. வாசலிலேயே நின்று, "அத்தான் இருக்காகளா?" என்று கேட்டான்.

"உள்ள வரச் சொல்லுட்டி" என்றார் இவர் உள்ளேயிருந்து.

இருவரையும் உட்கார வைத்துச் சோறு போட்டேன். மழை பெய்ததா, கிணற்றில் தண்ணீர் எப்படி என்று கேட்டான். இவர் பதில் சொன்னார். சிவகிரியில் ஒரு எலுமிச்சைத் தோட்டத்தில் காவலுக்கு ஆள் கேட்கிறார்கள், அங்கே போகிறேன் என்றான். அம்மா கடைசியில் என்ன சொன்னாள் என்று என்னிடம் கேட்டான். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். தலையை ஆட்டினான். கை கழுவிவிட்டு, "வாரேன் எக்கா" என்று சொல்லிப் போனான்.

அதற்குப் பிறகு பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பை எலுமிச்சம்பழம் யார் மூலமாவது கொடுத்துவிடுவான். அவன் வந்ததில்லை. நானும் வரச் சொல்லி எழுதியதில்லை.